மெட்டியின் உள்பக்கம்

துருமானி முதன்முதலில் மாட்டிவிட்டது ஒரு பஜ்ஜிக்கடைக்காரரை. 'தினமும் புது எண்ணெய்' என்று பலகை மாட்டியிருந்த கடை. உணவுத்துறை ஆள் ஒருவர் பேனா மாதிரி ஒரு கருவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, நுனியை எண்ணெய்ச் சட்டியில் ஒரு தொடு தொட்டார். 'பதினோரு நாள்' என்று சின்னத் திரையில் எழுத்து வந்தது. கூடியிருந்த கூட்டம் கைதட்டியது. கைதட்ட முடியாதவர்கள் கையில் பஜ்ஜி வைத்திருந்தவர்கள் மட்டும்தான்.

அந்த வருஷம் தூத்துக்குடியே சந்தோஷமாக இருந்தது. பழைய டயரைப் புதுசென்று விற்றவன் மாட்டினான். போன மாதம் பறித்த பழத்தைச் சாயம் பூசி விற்றவன் மாட்டினான். திருடர்களுக்குக் கஷ்டகாலம், நமக்கு நல்லகாலம் என்று எல்லோரும் நம்பினோம். நம் வீட்டிலும் கதவு, தாழ்ப்பாள், பீரோ எல்லாம் இரும்பில்தான் இருக்கின்றன என்பது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

கோமதிநாயகத்துக்கு துருமானி சோறு போடும் கருவி. துறைமுகத்தில் சரக்கு சேதத்தை அளந்து காப்பீட்டுக்குச் சான்று கொடுக்கிற சர்வேயர் அவன். கன்டெய்னரின் பூட்டு கடலில் உடைந்ததா, கரைக்கு வந்தபிறகு உடைத்தார்களா என்று முன்பெல்லாம் ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். இப்போது நாயகம் உடைந்த முனையில் கருவியை வைப்பான், அது சொல்லிவிடும். ஒருமுறை மூன்று கம்பெனிக்காரர்கள் ஒரே குரலில் சத்தியம் செய்த பொய்யை ஒரு துண்டுக் கம்பி உடைத்துப் போட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன், மனுஷனைக் கேட்காதே, இரும்பைக் கேள் என்று நாலைந்து தடவை சொன்னான். அவன் மனைவி செண்பகவல்லி சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

அவள் பெண்கள் பள்ளியில் வேதியியல் டீச்சர். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், குழந்தை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசித் தீர்த்துவிட்டது, அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. மற்றபடி குறை சொல்ல முடியாத குடும்பம். நாயகத்துக்கு அவள்மேல் உயிர். அதை அவளிடம் சொல்லும் வழக்கம்தான் அவனிடம் இல்லை.

கருவியை முதன்முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, அவள் வறுவலுக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். எப்படி இது வேலை செய்கிறது என்று கம்பெனிக்காரன் சொல்லிக்கொடுத்தது அவனுக்குப் பாதிதான் புரிந்திருந்தது. சீவிய துண்டு கறுக்க ஆரம்பித்திருந்ததை அவள் எடுத்துக் காட்டினாள்.

"இதுவும் துருதான். காத்துல இருக்கிற ஆக்ஸிஜன் கிடைச்சதையெல்லாம் கடிக்கும். இரும்பு துருப்பிடிக்கும், செம்பு பச்சை பூக்கும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், செருப்பு வார் வெடிக்கும், பேப்பர் மஞ்சளாகும். எல்லாம் ஒரே வேலைதான். மெதுவா எரியிற தீன்னு வச்சுக்கோங்க."

"அலுமினியம்?"

"அது புத்திசாலி. கடிபட்டதும் மேல ஒரு தோல் போட்டு மூடிக்கிடும். எவர்சில்வரும் அப்படித்தான். வெள்ளியக் கறுக்க வைக்கிறது காத்துல இருக்கிற கந்தகம், அதுவும் இதுக்குப் பங்காளிதான்."

அவன் விளையாட்டாகக் கருவியை அவள் கழுத்துத் தாலியில் வைத்தான். திரையில் 'பதிவு இல்லை' என்று வந்தது. மறுபக்கம் திருப்பி வைத்தான். அதேதான்.

"தங்கத்துக்கிட்ட உங்க பாச்சா பலிக்காது. அது யாருக்கும் வாய் தொறக்காது" என்றாள். இருவரும் சிரித்தார்கள். வாழைக்காய் வறுவல் அன்றைக்கு நன்றாகவே இருந்தது.

அடுத்த இரண்டு வருஷத்தில் துருமானி விலை குறைந்து, மளிகைக்கடையில் பேட்டரிக்குப் பக்கத்தில் தொங்க ஆரம்பித்தது. அப்புறம்தான் வேடிக்கை. புது மாடல் எண்ணெய், இரும்பு என்று நிற்கவில்லை. விரல் பட்டால் வியர்வையின் உப்பு ஒட்டும், உப்பு ஒட்டிய இடம் வேறு வேகத்தில் கறுக்கும், அதை வைத்துக் கடைசியாக எப்போது கை பட்டது என்று சொல்லும். மாமியார் பீரோக் கைப்பிடியை அளந்தாள். மருமகள் மாமியாரின் அஞ்சறைப்பெட்டியை அளந்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமா, காபி வருவதற்குள் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்து, நேற்று ராத்திரி இதை யார் திறந்தது என்று கேட்டார். அந்தச் சம்பந்தம் அத்தோடு சரி.

வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற பழக்கம் இருக்கிறதே, அதுவும் போயிற்று. தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும், கணக்கு புதிதாகத் தொடங்கும், கருவி 'இன்று' என்று மட்டும் சொல்லும். பளபளவென்று இருக்கிற வீட்டில் என்னவோ மறைக்கிறார்கள் என்று தெரு பேச ஆரம்பித்தது. நல்ல குடும்பத்துப் பெண்கள் விளக்கைப் பச்சை பிடிக்க விட்டார்கள். எல்லாக் கைப்பிடியையும் எவர்சில்வரில் மாற்றிய ஒரு வீட்டோடு அக்கம்பக்கத்தார் பேச்சுவார்த்தையையே நிறுத்திக்கொண்டார்கள். அழுக்குதான் யோக்கியத்துக்குச் சாட்சி என்று ஆகிப்போனது.

செண்பகவல்லி மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குத் தேய்த்தாள். எதிர்வீட்டு அம்மாள் ஜாடையாக ஏதோ சொன்னபோது, பித்தளை பித்தளை மாதிரி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். நாயகம் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அந்த அம்மாளின் ஜாடை அவன் காதிலேயே தங்கிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டுவிட்டு செண்பகம் பாயில் படுத்துத் தூங்கிப்போயிருந்தாள். நாயகம் பக்கத்தில் உட்கார்ந்து கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பாய்க்கு வெளியே அவள் கால் நீண்டிருந்தது. கால்விரலில் மெட்டி. கையில் சுத்தியல் இருந்தால் ஆணியைத் தேடுகிற புத்திதான், வேறு காரணம் அப்போது அவனிடம் இல்லை என்று நம்பலாம். மெட்டியின் வாய் பிரிந்திருக்கும் இடத்தில், உள்பக்கம் படும்படி நுனியை வைத்தான். கழற்றினால் ஒழியக் கைவிரல் படாத இடம் அது.

'கழற்றி மாட்டியது: நேற்று மாலை.'

அவன் மறுபடி வைத்தான். கருவி மாற்றிச் சொல்லவில்லை. அடுத்த காலிலும் அதுவே வந்தது.

நாயகத்தின் அம்மா மெட்டியைக் கழற்றியது வாழ்க்கையில் ஒரே தடவை. அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்று, யாரோ பிடித்துக் கழற்றினார்கள். அதைத் தவிர மெட்டி கழற்றுகிற சந்தர்ப்பம் எதுவும் அவனுக்குத் தெரியாது. நேற்று மாலை செண்பகம் பள்ளியில் இருந்தாள். பத்தாம் வகுப்புக்குச் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ், லேபில் வைத்து நடக்கிறது என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஸ்பெஷல் கிளாஸ் எடுக்க மெட்டி எதற்குக் கழற்ற வேண்டும்?

அவள் எழுந்ததும் கேட்டிருக்கலாம். டீ போட்டுக் கொடுத்தாள், வாங்கிக் குடித்தான். ஒருவேளை அவள் பொய் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பயமாக இருந்தது. இரும்புக்கு அந்தத் தொல்லை இல்லை.

அடுத்த சனிக்கிழமை கழிந்து ஞாயிறு மதியம் மறுபடி பார்த்தான். 'கழற்றி மாட்டியது: நேற்று மாலை.' அதிலிருந்து அவன் அளக்காத பொருள் வீட்டில் இல்லை. ஸ்கூட்டர் சாவி, பீரோத் தாழ்ப்பாள், அவள் கைப்பையின் கொக்கி, குடையின் கம்பி, டிபன் பாக்ஸ் மூடியின் கிளிப். ஒரு திங்கட்கிழமை காலை, நானே கொண்டு விடுகிறேன் என்று சொல்லி அவளைப் பள்ளிக்கு அழைத்துப் போனான். கல்யாணமான புதிதில் செய்தது, அப்புறம் செய்ததில்லை. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவள் கையெழுத்துப் போட ஆபீஸ் ரூமுக்குப் போன நேரத்தில் அவன் லேப் கதவின் பித்தளைப் பூட்டில் கருவியை வைத்தான். வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகு அந்தப் பூட்டை யாரும் தொடவில்லை.

ஆக, ஸ்பெஷல் கிளாஸ் என்று ஒன்று கிடையாது. அன்றைக்குத் துறைமுகத்தில் நாயகம் எதை அளந்தான், என்ன எழுதினான் என்று அவனுக்கே தெரியாது. அவளை இழந்துவிட்டோம் என்று நினைத்தான். அவள் இல்லாத வீட்டில் சாவியைப் போட்டுத் திறந்து, தானே விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்வதாக நினைத்துப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உப்புக்காற்று என்று பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான்.

அவனுக்கு ஒன்று தெரியாமல் போயிற்று. தெரிந்துதான் இருந்தது, பழகிப்போனதால் மறந்துவிட்டான். துருமானியின் நுனியில் சின்னப் பஞ்சு ஒன்று இருக்கும். அளக்கும் முன் அது அந்த இடத்தை லேசாகத் துடைத்து, துடைத்த இடத்தையும் துடைக்காத இடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும். அதனால் கருவி தொட்ட இடத்திலெல்லாம் கடுகளவு ஒரு பளபளப்பு மிச்சமிருக்கும். மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாது. பாத்திரம் தேய்ப்பவள் கண்ணுக்குத் தெரியும், அவள் வேதியியலும் படித்தவளாக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

செண்பகம் முதல் புள்ளியை ஸ்கூட்டர் சாவியில் பார்த்தாள். அடுத்தது கைப்பைக் கொக்கியில். அப்புறம் தேட ஆரம்பித்தாள். பீரோவில், குடையில், டிபன் பாக்ஸில், அரிசி டின்னின் கைப்பிடியில்கூட இருந்தது. கடைசியில் குளிக்கும்போது குனிந்து பார்த்தால், மெட்டியின் விளிம்பில் ஒன்று. இரண்டு காலிலும். தூங்கும்போது செய்திருக்கிறான் என்று புரிந்தது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு வெகுநேரம் அப்படியே நின்றாள். அவளுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, அருவருப்பு.

ஆனாலும் அவள் அவனுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் கத்திரிக்காய் நறுக்கி ஒவ்வொரு துண்டாகத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"தண்ணிக்குள்ள கெடந்தா காத்து தொந்தரவு பண்ணாது, வெள்ளையாவே இருக்கும்" என்றாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?"

"என்ன கேக்க?"

"எதுனாலும் கேளுங்க. கேட்டாச் சொல்லுதேன்."

"ஒண்ணுமில்லையே" என்றான். அவள் மிச்சமிருந்த காயையும் நறுக்கித் தண்ணீரில் போட்டாள். அன்றைக்கு இருவரும் சீக்கிரம் படுத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவளுடைய ஸ்கூட்டருக்குப் பின்னால், நண்பனிடம் இரவல் வாங்கிய பைக்கில் போனான். ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. பள்ளிக்குத் திரும்புகிற தெருவை அவள் திரும்பாமல் கடந்து போனாள். துறைமுகச் சாலையில் இருக்கும் ஒரு பெரிய காம்பவுண்டுக்குள் ஸ்கூட்டர் நுழைந்தது. பத்து நிமிஷம் வெளியே நின்று தைரியம் சேர்த்துக்கொண்டு இவனும் நுழைந்தான். உள்ளே ஒரு கதவு, கதவருகே ஒரு நாற்காலி, நாற்காலியில் நடுவயதுப் பெண் ஒருத்தி. குளோரின் வாடை அடித்தது.

"லேடீஸ் டைம் சார். ஆம்பளைங்க ஆறு மணிக்கு மேலதான்."

நீச்சல்குளம். செண்பகவல்லி டீச்சர் என்று ஒருத்தர் என்று இழுத்தான்.

"டீச்சரா? உள்ளதான் இருக்காவ. இப்பதான் ஆழத்துக்குப் போக ஆரம்பிச்சிருக்காவ. நீந்துறதவிட அடியில போய் மூச்சடக்கி உக்காந்திருக்கிறதுதான் அவ்வோளுக்குப் பிடிக்கும். நீங்க அவ்வோ வீட்டுக்காரரா?"

அவன் தலையாட்டினான். பிறகு கேட்கக்கூடாததைக் கேட்டான். நகையெல்லாம் போட்டுக்கொண்டா தண்ணீரில் இறங்குகிறார்கள்?

அந்தப் பெண் தன் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்துக் காட்டினாள். "மெட்டிய மட்டும் கழத்தி என்கிட்ட குடுத்துருவாவ. இந்தத் தண்ணில வெள்ளி கறுத்துரும்லா? நான்கூடக் கேட்டேன், கறுத்தா தேச்சுக்கிட்டாப் போச்சு டீச்சர்னு. அதுக்கு அவ்வோ, அவரு கையால போட்டுவிட்டது, கறுத்துப் பாக்க மனசு கேக்காதுன்னாவ."

நாயகத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நான் வந்தேன் என்று சொல்லிவிடாதீர்கள் என்று அந்தப் பெண்ணிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டான். அவளும் சரி என்றாள். வெளியே வந்து பைக்கில் உட்கார்ந்தபோது உடம்பு இலகுவாக இருந்தது. பாவம், நான் கேலி செய்வேன் என்று பயந்திருப்பாள், மறைத்துவிட்டாள். இதைப்போய் என்னவோ என்று நினைத்தோமே. அடுத்த வாரம் நானே நீச்சலுடை வாங்கிக் கொடுத்து அசத்த வேண்டும் என்று கணக்குப் போட்டான். தான் என்ன செய்தோம் என்று அவன் யோசிக்கவில்லை. குற்றம் நிரூபணமாகவில்லை, அவ்வளவுதானே, வழக்கு முடிந்தது.

அன்று இரவு கப்பல் வேலை. மறுநாள் பிற்பகலில்தான் விட்டார்கள். வரும் வழியில் அவளுக்குப் பிடித்த மக்ரூன் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டான்.

வீட்டுக் கேட்டைத் தொட்டதும் கை வித்தியாசத்தை உணர்ந்தது. கேட்டின் கொண்டி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வெள்ளையாக இருந்தது. வாசல்கதவின் பித்தளைக் குமிழ் கண்ணைக் கூசியது. உள்ளே போனான். ஜன்னல் கொக்கி, பீரோக் கைப்பிடி, செம்புக்குடம், குத்துவிளக்கு, அரிசி டின், குடை, பூஜை மணி எல்லாம் நேற்றுத்தான் செய்து கொண்டுவந்த மாதிரி மின்னின. அடுப்படியில் புளியும் எலுமிச்சைத் தோலும் கரைத்த வாளி காலியாக, கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பழக்கதோஷம், கருவியை எடுத்துத் தாழ்ப்பாளில் வைத்தான். 'இன்று.' குடத்தில் வைத்தான். 'இன்று.' எங்கே வைத்தாலும் 'இன்று.' கடுகளவுப் புள்ளி ஒன்றுகூட எங்கும் மிச்சமில்லை.

அவளுடைய புடவைகள் இருந்த தட்டு காலியாக இருந்தது. சாப்பாட்டு மேஜையில், ஒரு எவர்சில்வர் தட்டில், இரண்டு மெட்டிகள். அவையும் தேய்க்கப்பட்டிருந்தன. பக்கத்தில் தாலிச் சங்கிலி.

அவன் மக்ரூன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கருவியைத் தாலியில் வைத்தான். 'பதிவு இல்லை.'

இன்று காலை கழற்றியிருக்கலாம். நேற்றுக் குளத்திலிருந்து வந்ததும் கழற்றியிருக்கலாம். மெட்டியில் அந்தப் புள்ளியைப் பார்த்த அன்றே கழற்றி, அவன் இருக்கும்போது மட்டும் போட்டுக்கொண்டிருக்கலாம். அதற்கும் முன்னால், அவனுக்குத் தெரியாத ஏதோ ஒரு வருஷத்திலேயேகூட இருக்கலாம். போனை எடுத்தான். மூன்றாவது தடவை அழைத்தபோது எடுத்தாள். பின்னால் பஸ் சத்தம் கேட்டது.

"கோவில்பட்டிக்குப் போயிட்டிருக்கேன், அக்கா வீட்டுக்கு" என்றாள். குரலில் கோபம் இல்லை.

"நீச்சல்தான்னு சொல்லியிருக்கலாம்ல? நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேளுங்கன்னு வாய்விட்டே சொன்னேன். குளத்துல இருக்கிற அந்த அக்கா ஒண்ணும் சொல்லல. வெளிய வரும்போது மெட்டிய வாங்கினேன், அவ்வோ என் மூஞ்சியப் பாக்கல. நீங்க வந்துட்டுப் போனது புரிஞ்சு போச்சு. வாரத்துல ஒரு மணி நேரம் தண்ணிக்கு அடியில யார் கண்ணும் படாம இருந்தேங்க. அது ஒண்ணுதான் எனக்குன்னு இருந்துச்சு. அதையும் தேச்சுப் பாத்துட்டீங்க."

அவன் பேச நினைத்தது நிறைய. தப்புப் பண்ணிட்டேன் செண்பகம், திரும்பி வா, நீ இல்லாமல் இந்த வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்பதெல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. கண் தட்டிலேயே இருந்தது. தாலியின் மஞ்சளில் ஒரு கறை இல்லை, ஒரு மங்கல் இல்லை.

"தாலிய எப்போ கழட்டுன?" என்று கேட்டான்.

அந்தப் பக்கம் பஸ் நின்று, யாரோ ஏறி, விசில் ஊதி, மறுபடி கிளம்பியது.

"இப்பவும் எப்போன்னுதான் கேக்கீங்க" என்றாள். போன் அணைந்தது.

வெளியே கடல்காற்று கிளம்பியிருந்தது. தேய்த்துவிட்ட இரும்பில் அது சீக்கிரமே வேலையை ஆரம்பித்துவிடும், நாளைக்கே கேட்டுக் கொண்டியில் செம்மை தட்டும். நாயகம் நாற்காலியை இழுத்துப் போட்டு மேஜைமுன் உட்கார்ந்தான். தாலியைக் கையில் எடுத்து, மறுபக்கம் திருப்பி, துருமானியை மறுபடியும் வைத்துப் பார்த்தான்.